புகை வந்தாலே ‘போர்’தானா?

பழைய புல்லட்டின் பிரீதர் குழாய் முனையில் லேசாகப் புகை தெரிந்தால் போதும். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்திய இரண்டாவது நிமிடத்தில் பட்டறையில் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். “என்ஜின் வேலை வந்துடுச்சு தம்பி. இறக்கிடலாம். போர் பண்ணி புது பிஸ்டன் போட்டுட்டா அப்புறம் திரும்பிப் பார்க்க வேணாம்.” ஆயில் அளவைப் பார்த்தார்களா? இல்லை. குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார்களா? அதுவும் இல்லை. கம்ப்ரஷன் கேஜ் என்ற சாமான் அந்தப் பட்டறையில் இருக்கிறதா என்பதே சந்தேகம். புகையைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது, அதற்கு மேல் என்ன விசாரணை!

கையில் காசில்லாத கல்லூரி மாணவன்தான் இதில் அதிகம் மாட்டுகிறான். அப்பா ஓட்டிய வண்டி, அல்லது புதுப்பேட்டையில் யாரோ சொல்லி வாங்கிய வண்டி. “சரிண்ணே, பண்ணிடுங்க” என்று தலையாட்டிவிட்டு ஒரு செமஸ்டர் மெஸ் பில்லைக் கொண்டுபோய் லேத்துப் பட்டறையில் கொட்டுகிறான். பத்து நாள் கழித்து வண்டி வருகிறது. பிரீதரில் மறுபடி புகை வருகிறது! காரணம், கோளாறு பிஸ்டனில் இருக்கவே இல்லை.

பிரீதர் புகை ஒரு அறிகுறி, அவ்வளவுதான். காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் என்று வந்தவனை நாடி கூடப் பிடிக்காமல் ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகிற டாக்டரை ஊர் சும்மா விடுமா? மெக்கானிக் அதையே செய்தால் மட்டும் “கை தேர்ந்தவர், பார்த்த உடனே சொல்லிட்டார்” என்று பெருமை பேசுகிறார்கள்.

பிரீதர் எதற்கு இருக்கிறது என்று தெரிந்தால் இந்த அவசரம் எவ்வளவு அபத்தம் என்பது புரியும். வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட 350 புல்லட்டின் போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர். பிஸ்டன் ஒருமுறை மேலிருந்து கீழே இறங்கினால் அதன் அடியில், அதாவது கிராங்க் கேஸில், 346 கன சென்டிமீட்டர் காற்றை இடம்பெயர்க்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் இது வினாடிக்கு 50 முறை நடக்கும். கணக்குப் போட்டால் வினாடிக்கு 17 லிட்டருக்கு மேல், கிட்டத்தட்ட ஒரு குடம். இரண்டு சிலிண்டர் இருந்து, ஒன்று இறங்கும்போது இன்னொன்று ஏறினால் இந்தத் தள்ளல் சரிக்குச் சரி ஆகிவிடும். புல்லட்டில் இருப்பது ஒற்றை பிஸ்டன், அந்தச் சலுகை கிடையாது. (ஆர்எக்ஸ் 100 மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டிகளில் இந்தப் பேச்சே வராது. அங்கே கிராங்க் கேஸ்தான் பெட்ரோல் கலவையை மேலே தள்ளும் பம்பு. அதற்கு ஓட்டை வைத்தால் வண்டியே ஓடாது.)

இந்தக் காற்று வெளியேற ஒரு வழி வேண்டும், வெளியே போனது திரும்பி வரக் கூடாது. அதற்காகத்தான் பிரீதரில் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. பழைய வண்டிகளில் மெல்லிய தகடு. பிந்தைய வண்டிகளில் வாத்தின் அலகு மாதிரி இரண்டு உதடுகள் கொண்ட ஒரு ரப்பர் துண்டு. பிஸ்டன் இறங்கினால் உதடு திறந்து காற்று போகும், பிஸ்டன் ஏறினால் உதடு மூடிக்கொள்ளும். இதனால் கிராங்க் கேஸுக்குள் அழுத்தம் சேராமல் இருக்கும். ஆயில் சீல்களும் கேஸ்கட்களும் பிழைத்துக் கிடப்பது இந்தச் சின்ன ரப்பரின் புண்ணியத்தில்தான்.

அதோடு, புத்தம் புது என்ஜினில் கூட எரிந்த வாயுவில் கொஞ்சம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியத்தான் செய்யும். அதுவும் சூடான ஆயில் ஆவியும் சேர்ந்து பிரீதர் வழியாக வரும். ஐடிலிங்கில் குழாய் முனையில் ‘புஸ் புஸ்’ என்று மூச்சு விடுவது நோய் இல்லை. வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு வருகிறது, என்ன வருகிறது, எப்போது வருகிறது என்பதுதான் கேள்வி. அந்த மூன்றையும் கேட்காமல் ஸ்பேனரை எடுப்பது வைத்தியம் ஆகாது.

என்ஜினை இறக்காமலே கண்டுபிடிக்கக் கூடிய காரணங்கள் எத்தனை என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

முதலாவது, தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சரில் போய்விடும். ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயுவோடு கொஞ்சம் கிராங்க் கேஸுக்கும் வரும். ஹாஸ்டலுக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒன்றரை கிலோமீட்டர் மட்டும் ஓடுகிற வண்டியில் என்ஜின் சரியாகச் சூடேறுவதே இல்லை. அந்த ஈரம் உள்ளேயே தங்கி, மழைக்காலக் காலையில் வெள்ளையாகக் குழாயில் எட்டிப் பார்க்கும். டிப் ஸ்டிக்கில் மோர் மாதிரி நுரை ஒட்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். குளிர்ந்த எவர்சில்வர் டம்ளரைக் குழாய் முனையில் கொஞ்ச நேரம் காட்டினால் போதும். படிவது நீர்த்துளியா, பிசுக்கா என்று விரல் சொல்லிவிடும். நீர்த்துளி என்றால் வைத்தியம், ஈசிஆர் பக்கம் ஒருமணி நேரம் நன்றாக ஓட்டிவிட்டு வருவது. பிறகு ஆயில் மாற்றுவது. இதற்குப் போய் பிளாக்கைக் கடைந்தால் என்ன சொல்வது?

இரண்டாவது, அளவுக்கு மேல் ஆயில். இந்த என்ஜினின் ஆயில் தொட்டி கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஒட்டியிருக்கும். வண்டி பல நாள் நின்றால், தொட்டியில் இருக்கும் ஆயில் மெல்லக் கசிந்து கிராங்க் கேஸின் அடிக்குப் போய்ச் சேரும். வெட் சம்பிங் என்பார்கள். செமஸ்டர் லீவு முடிந்து வந்தவன் டிப் ஸ்டிக்கை எடுத்துப் பார்க்கிறான், ஆயில் இறங்கியிருக்கிறது. உடனே அரை லிட்டர் ஊற்றுகிறான். இப்போது உள்ளே இருப்பது பழைய ஆயில் முழுசும், கூட அரை லிட்டரும். ஸ்டார்ட் செய்ததும் கிராங்க் அந்தக் குளத்தைக் கடைகிறது. பிரீதரில் புகையும் வருகிறது, ஆயிலும் பீச்சுகிறது. உடனே “ரிங் போச்சு”! என்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டிருந்தால் ரிட்டர்ன் பம்பு அந்த ஆயிலைத் தொட்டிக்கு ஏற்றியிருக்கும். அதன் பிறகு அளவு பார்த்திருந்தால் அரை லிட்டர் ஆயிலும் மிச்சம், அவமானமும் மிச்சம். ஒரு ராத்திரி நின்றாலே தொட்டி காலியாகிறது என்றால் பம்பையும் அதன் இருக்கையையும் பார்க்க வேண்டும். அதுவும் பம்பு வேலைதான், பிஸ்டன் வேலை இல்லை.

மூன்றாவது, அந்த வாத்து அலகு. சூட்டில் ரப்பர் விறைத்துப் போகும், உதடு கிழியும், கசடு ஒட்டித் திறந்தபடியே நிற்கும். அப்போது ஒருவழிப் பாதை இருவழிப் பாதை ஆகிவிடும். காற்று உள்ளே வந்து, ஆயில் ஆவியை வாரிக்கொண்டு மறுபடி வெளியே போகும். சர்வீஸில் கழற்றியவர் தலைகீழாக மாட்டியிருந்தால் இன்னும் மோசம். கழற்றித் துடைத்து வாயில் வைத்து ஊதினால் ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் போகக் கூடாது. இரண்டு பக்கமும் போனால் புதுசு வாங்க வேண்டியதுதான். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்கள். கூடவே குழாய் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா, முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சிரிக்க வேண்டாம், நாள்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது நடக்கும்.

நான்காவது கொஞ்சம் தந்திரமானது. பிந்தைய புல்லட்டுகளில் பிரீதர் குழாய் ஒரு சின்னக் கேன் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகிறது. ஆயில் அதிகமாக வந்தால் கேன் நிரம்பி, ஃபில்டர் நனைந்து, கார்புரேட்டர் அதை உறிஞ்சி எரிக்கும். சைலன்சரிலும் நீலப் புகை வரும். பார்க்கிறவர்கள் “ரெண்டு பக்கமும் புகை, சந்தேகமே இல்லை, ரிங்தான்” என்று சத்தியம் செய்வார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான். குழாயை ஃபில்டரிலிருந்து பிடுங்கி, தற்காலிகமாக ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டு (பாட்டிலின் வாயை அடைக்காமல்), பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பது. சைலன்சர் புகை நின்றுவிட்டால், ஆயில் வந்தது ரிங் வழியாக மேலே ஏறி அல்ல, பிரீதர் வழியாகச் சுற்றிக்கொண்டு. மற்ற வண்டிகளுக்கும் இதில் பாடம் உண்டு. ஃபில்டர் பெட்டிக்கு அடியில் மூடி போட்ட சின்ன வடிகுழாய் உள்ள வண்டிகள் நிறைய. அதில் சேரும் ஆயிலையும் தண்ணீரையும் அவ்வப்போது வடிக்கச் சொல்லி மேனுவலிலேயே இருக்கும். மேனுவலை யார் படிக்கிறார்கள்?

இந்த நான்கையும் தாண்டியும் புகை நிற்கவில்லை என்றால்தான் ரிங்கைச் சந்தேகப்படலாம். அப்போதும் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. சாட்சி வேண்டும்.

முதல் சாட்சி கம்ப்ரஷன் கேஜ். என்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி கேஜை மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுசாகத் திறந்து வைத்து முள் ஏறி நிற்கும் வரை உதைக்க வேண்டும். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி உதைக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் ரிங்கிலோ போரிலோ தேய்மானம் இருக்கிறது. விட்ட ஆயில் அந்த இடைவெளியை அடைத்ததால்தான் ஏறியது. ஏறவே இல்லை என்றால் கசிவு மேலே, வால்விலோ டீகம்ப்ரசரிலோ இருக்கிறது. அந்தக் கசிவுக்கும் பிரீதருக்கும் சம்பந்தம் இல்லை.

இரண்டாவது சாட்சி இன்னும் நம்பகமானது. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, அந்த இரும்புக் கூட்டில் ஒரு டியூப் வால்வைப் பற்றவைத்தால் கருவி தயார். பிஸ்டனை கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பின் பிரேக்கை ஒருவர் அழுத்திப் பிடிக்க (இல்லையென்றால் அழுத்தத்தில் என்ஜின் சுழன்று கிக்கர் காலைப் பதம் பார்க்கும்), பஞ்சர் கடைக் காற்றை மெல்ல விட வேண்டும். பிறகு காதுதான் வேலை செய்ய வேண்டும். ‘உஸ்’ என்ற சத்தம் சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு அல்லது டீகம்ப்ரசர். கார்புரேட்டரில் கேட்டால் இன்லெட் வால்வு. பிரீதர் குழாயில் பலமாகக் கேட்டால் ரிங் அல்லது போர். பிரீதரில் லேசாகக் கேட்பது எல்லா என்ஜினிலும் உண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். இந்தச் சோதனையில் சிக்காத ஒரு கள்ளன் இருக்கிறான், எக்ஸாஸ்ட் வால்வின் கைடு. அது தேய்ந்தால் சூடான வாயு ராக்கர் பெட்டிக்குள் புகுந்து, புஷ்ராட் பாதை வழியாகக் கீழே இறங்கி பிரீதரில் வெளிவரும். ஹெட்டைக் கழற்றி வால்வை ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கேயும் போர் தேவையில்லை, கைடு மாற்றினால் போதும்.

இத்தனைக்கும் சேர்த்து ஆகிற நேரம் அரை நாள். ஆகிற செலவு ஒரு கேஜ், ஒரு பழைய பிளக், ஒரு டம்ளர்.

பட்டறைக்காரர்கள் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. அரை நாள் உட்கார்ந்து சோதனை செய்து, “ஒண்ணுமில்ல தம்பி, வால்வு ரப்பர்தான்” என்று சொன்னால் கூலி கொடுப்பவர் எத்தனை பேர்? “ஒரு ரப்பரை மாத்தினதுக்கு இவ்வளவா? சும்மா பார்த்ததுக்கெல்லாம் காசா?” என்று கேட்கிற அதே ஆள், என்ஜினை இறக்கி உதிரியாகப் பரப்பிக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு எண்ணிக் கொடுக்கிறார். கழற்றிய இரும்புக்கு விலை உண்டு, யோசித்த மூளைக்குக் கிடையாது என்ற ஊரில் மெக்கானிக் எதைச் செய்வார்? இறக்கத்தான் செய்வார். இதில் பாதிப் பழி வண்டிக்காரர் தலையில்தான் விழ வேண்டும். டாக்டருக்குப் பார்த்த கூலி கொடுக்கிறவர்கள் மெக்கானிக்குக் கொடுத்தால் ஆகாதா?

ஆனால் அந்த நியாயம் பாதி தூரம்தான் வரும். ஏனென்றால் போர் பண்ணுவது திருப்பி எடுக்க முடியாத வேலை. கடைந்தெடுத்த இரும்பு திரும்ப வராது. ஓவர்சைஸ் பிஸ்டனுக்குச் சில படிகள்தான் உண்டு. ஒவ்வொரு ‘எதுக்கும் ஒரு தடவை போர் போட்டுடலாம்’ ஒரு படியைத் தின்றுவிடுகிறது. படிகள் தீர்ந்தால் ஸ்லீவ் அடிக்க வேண்டும், அல்லது வேறு பிளாக் தேட வேண்டும். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்து ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் உருவான அந்த வார்ப்பிரும்பு என்ஜினின் காலம் 2010 வாக்கில் முடிந்துவிட்டது. இன்று ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் மிச்சம் இருப்பதில் ஒன்று. அரை நூற்றாண்டு இந்த என்ஜினைச் செய்த ஊரிலேயே ஒரு ரப்பர் துண்டுக்காக அதன் பிளாக்கைக் கடைகிறார்கள் என்பது வயிற்றெரிச்சல் இல்லையா?

இன்னொரு கொடுமையும் உண்டு. புதிதாகப் போர் செய்த என்ஜினில் ரிங் படியும் வரை, முதல் சில நூறு கிலோமீட்டருக்கு, பிரீதரில் புகை கூடுதலாகவே இருக்கும். இதைச் சொல்லி அனுப்புவதில்லை. பயந்துபோனவன் வேறு பட்டறைக்குப் போகிறான். அங்கே முந்தைய மெக்கானிக்கைத் திட்டிவிட்டு மறுபடி இறக்குகிறார்கள்!

இந்தப் பக்கம் இப்படி என்றால், எதிர்ப்பக்கம் இரண்டு கோஷ்டிகள். ஒன்று, அடைப்புக் கோஷ்டி. புகை தெரிகிறதா, குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி கிளிப் போட்டுவிடு. புகை நின்றுவிடும், உண்மைதான். அடுத்த வாரம் ஆயில் சீல் பிதுங்கும், கேஸ்கட் ஓரமெல்லாம் ஆயில் கசியும். குடம் குடமாகக் காற்று போகிற வழியை அடைத்தால் வேறு வழியை அது உண்டாக்கிக்கொள்ளாதா? இன்னொன்று, ரசிகர் கோஷ்டி. “புல்லட்னா புகையும்டா, ஒழுகும்டா, அதான் கெத்து.” ஃபில்டருக்குப் போகிற குழாயைப் பிடுங்கி ரோட்டைப் பார்த்து விட்டுவிடுவார்கள். அந்த ஆவியில் எரியாத பெட்ரோல் இருக்கிறது. அதைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பும் ஏற்பாட்டை கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலேயே கட்டாயமாக்கிவிட்டார்கள். இவர்கள் இன்றைக்கும் அதைச் சிக்னலில் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்காரர் மூஞ்சியில் ஊதிவிட்டு பாரம்பரியம் என்கிறார்கள். சோதனைக்காகப் பத்து கிலோமீட்டர் பாட்டிலில் விடுவது வேறு, நிரந்தரமாகத் திறந்துவிடுவது வேறு.

இறக்குகிறவர், அடைக்கிறவர், ரசிக்கிறவர் மூவருக்கும் நோய் ஒன்றுதான். புகையைப் பார்த்தவுடன் ஏதோ ஒன்றைச் செய்துவிடத் துடிப்பார்கள், அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கமாட்டார்கள்.

சோதனைகள் எல்லாம் சேர்ந்து ரிங்கைக் கைகாட்டினால் போர் செய்யத்தான் வேண்டும், தள்ளிப்போடவும் கூடாது. கீழே கசியும் வாயு ஆயிலைக் கெடுக்கும், கெட்ட ஆயில் பேரிங்கைத் தின்னும். அப்போதும் பிளாக்கைக் கழற்றியவுடன் லேத்துக்கு ஓடாமல், போரை மேலே, நடுவே, கீழே என்று குறுக்கும் நெடுக்குமாக அளந்து, ரிங்கை போருக்குள் வைத்து இடைவெளிக்கு ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். சில நேரம் ரிங் மட்டும் மாற்றினாலே போதும் என்று அந்த அளவு சொல்லும்.

ஆகவே பட்டறையில் “இறக்கிடலாம் தம்பி” என்ற சத்தம் கேட்டால், பதிலுக்குக் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். “அண்ணே, அளந்து பார்த்தீங்களா?” அளந்து காட்டுகிற அண்ணன் கிடைத்தால் அவர் கேட்கிற பார்த்த கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடலாம். பிளாக் பிஸ்டன் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.